சின்ன ஊரில் வீடு கட்டப் போகிறீர்களா? பிளான் அனுமதிக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

தென்காசிப் பக்கம் ஒரு பேரூராட்சியில் வீடு கட்டி முடித்திருக்கிறோம். கம்பி விலை, மணல் தட்டுப்பாடு, ஆள் கிடைக்காதது எல்லாம் இருந்ததுதான், ஆனால் எங்களைப் படுத்தி எடுத்தது காகித வேலை. அதிலும் பேரூராட்சி அலுவலகத்தில் ஆன தாமதம் கொஞ்சம்தான். பத்திரம் ஒன்று சொல்ல, பட்டா வேறொன்று சொல்ல, தரையில் மூன்றாவதாக ஒரு அளவு இருக்க, அதைச் சரிக்கட்டுவதில்தான் மாதங்கள் ஓடின. இதை யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் வரிசையை மாற்றிச் செய்திருப்போம். அதனால்தான் எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் பேரூராட்சி, சிறிய நகராட்சி, ஊராட்சிப் பகுதிகளில் சொந்தக் குடியிருப்புக்காகத் தரைத்தளமோ மேலே ஒரு மாடியோ கட்டுகிறவர்களுக்கு இது. அடுக்குமாடி, மண்டபம், குடோன் கட்டுகிறவர்களுக்கு வேறு கணக்கு.

"நம்ம ஊர்ல யார் கேட்கப் போறா, அனுமதி இல்லாமலே கட்டியவங்க எத்தனை பேர்" என்று உங்களிடமும் சொல்வார்கள். வங்கிக் கடன் கேட்டால் முதல் காகிதமாக அனுமதி பெற்ற வரைபடத்தைத்தான் கேட்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு புகார் எழுதிப் போட்டால் வேலை பாதியில் நிற்கும். நாளை விற்கப் போனால் வாங்குகிறவரின் வக்கீல் அதையே காரணம் காட்டி விலையைக் குறைப்பார். இந்தக் கட்டுரையைப் படிக்கும் அளவுக்கு வந்துவிட்டீர்கள் என்றால் முறைப்படியே செய்துவிடுங்கள்.

1. உங்கள் மனை எந்த வகை என்று முதலில் பாருங்கள்

மனை நான்கு வகைகளில் ஒன்றாக இருக்கும். நகர் ஊரமைப்பு இயக்ககம், அதாவது டிடிசிபி, அங்கீகரித்த லேஅவுட்டில் உள்ள மனை. அங்கீகாரம் இல்லாமல் பிரித்து விற்று, பின்னால் வரன்முறைப்படுத்திய, அதாவது அரசு முறைப்படுத்திக் கொடுத்த மனை. நத்தம், அதாவது ஊருக்குள் குடியிருப்புக்கென்று ஒதுக்கிய நிலம். அப்புறம், இன்னும் புன்செய் அல்லது நன்செய் என்றே பதிவில் இருக்கும் நிலம்; இந்தக் கடைசி வகைக்குள் நான் இங்கே போகவில்லை.

முதல் வகை என்றால் கவலை குறைவு. லேஅவுட் அங்கீகார எண்ணும், மனை எண் குறித்த அங்கீகார வரைபடத்தின் நகலும் கையில் இருக்க வேண்டும். புரோக்கர் கொடுத்த வண்ண நோட்டீஸ் செல்லாது. அங்கீகார வரைபடத்தில் பூங்காவுக்கு விட்ட இடத்தையே மனையாக்கி விற்றவர்கள் உண்டு, ஆகவே உங்கள் மனை எண் அந்த வரைபடத்தில் மனையாகவே இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

"பஞ்சாயத்து அப்ரூவல் மனை" என்று சொல்லி விற்பதுதான் சின்ன ஊர்களின் பெரிய பொறி. ஊராட்சித் தலைவர் கையெழுத்துப் போட்ட லேஅவுட் வரைபடத்தை வைத்து பிளான் அனுமதி கிடைக்காது. அப்படிப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20 என்ற தேதியை வைத்துத்தான் அதில் தகுதி பார்க்கிறார்கள். உங்கள் மனை அந்த வகை என்றால் முதலில் வரன்முறை ஆணையை வாங்குங்கள். அதற்கான கட்டணத்தை வீட்டு பட்ஜெட்டில் தனியாக வையுங்கள். அது கைக்கு வராமல் வரைபடம் போட்டுப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம்.

நத்தம் மனை என்றால் லேஅவுட் அங்கீகாரக் கேள்வி வராது, ஆனால் நத்தம் பட்டா உங்கள் பெயரில் இருக்க வேண்டும். தாத்தா பெயரிலேயே இருந்துகொண்டு, வீட்டு வரி மட்டும் அப்பா பெயரில் வந்துகொண்டிருப்பது நம் ஊர்களில் சாதாரணம். வாரிசுச் சான்று, பாகப்பிரிவினை அல்லது விடுதலைப் பத்திரம் என்று அது நீளும். அண்ணன் தம்பிகள் எல்லோரும் ஊரில் இருக்கும் பொங்கல், கோயில் கொடை நாட்களில் கையெழுத்து வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

2. பத்திரம், பட்டா, புலப்படம், தரை: எல்லாம் ஒரே அளவைச் சொல்ல வேண்டும்

மற்ற எதைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடாதீர்கள்.

பத்திரத்தின் கடைசியில் சொத்து விவரம் இருக்கும். "கிழமேல் ஜாதியடி 30, தென்வடல் ஜாதியடி 80" என்பதுபோல எழுதியிருப்பார்கள். பெருக்கினால் 2400 சதுர அடி. பட்டாவில் இதே இடம் ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும்: 2.23 ஏர். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு 10.76 சதுர அடி. 223 சதுர மீட்டரைப் பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 2400 வருகிறது, சரி. செண்டில் சொன்னால் ஐந்தரை செண்ட். ஒரு செண்டுக்கு 435.6 சதுர அடி. இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள், பொறியாளர் பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள்.

அடுத்தது புலப்படம், அதாவது சர்வே எண்ணின் எல்லைகளையும் அளவுகளையும் காட்டும் நில அளவை வரைபடம். எஃப்எம்பி என்பார்கள். நகரப் பகுதி என்றால் டிஎஸ்எல்ஆர், அதாவது நகர நில அளவைப் பதிவேட்டு நகல். பட்டாவையும் புலப்படத்தையும் அரசின் நிலப் பதிவுகள் இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். புலப்படத்தில் உங்கள் உட்பிரிவு தனிக் கட்டமாக வரைந்திருக்கிறதா, அதன் பக்க அளவுகள் மீட்டரில் எவ்வளவு என்று பாருங்கள். 30 அடி என்றால் 9.14 மீட்டர், 80 அடி என்றால் 24.38 மீட்டர். புலப்படத்தில் 23.8 என்று இருந்தால் உங்களுக்கு ஏறத்தாழ இரண்டடி காணோம் என்று அர்த்தம்.

பட்டா கூட்டுப் பட்டாவாக இருந்தால், அதாவது உங்கள் பெயரோடு இன்னும் நாலு பேர் பெயர் இருந்தால், உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்குங்கள். இ-சேவை மையத்தில் பட்டா மாற்றத்துக்குச் சேவைக் கட்டணம் 60 ரூபாய். உட்பிரிவு வேண்டும் என்றால் அதற்கான கட்டணம் தனி. அதற்குப் பிறகு சர்வேயர் வந்து அளக்க வேண்டும், அங்கேதான் காலம் போகும். தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி, அதாவது வருடாந்திர வருவாய்க் கணக்குத் தணிக்கை, நடக்கும் மே, ஜூன் வாரங்களில் அங்கே யாரையும் பிடிக்க முடியாது. தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டாலும் அப்படித்தான்.

காகிதங்கள் ஒத்துப்போன பிறகு தரைக்கு வாருங்கள். எல்லைக் கற்கள் இடத்தில் இருக்கின்றனவா? எங்கள் மனையில் தென்மேற்கு மூலைக் கல்லைக் காணவில்லை. பக்கத்துக்காரர் முள்வேலி போட்டு, வேலியோரம் வேப்பங்கன்று வைத்து, அது மரமாகி, கல் அதன் வேருக்குக் கீழே போயிருந்தது. சர்வேயர் சங்கிலியை மற்ற மூன்று கற்களிலிருந்தும் இழுத்து, இங்கே தோண்டுங்கள் என்று காட்டிய இடத்தில் கடப்பாரை முனை டங்கென்று கல்லில் பட்டபோதுதான் பக்கத்துக்காரரே சமாதானமானார். அதுவரை அவர் சொன்ன எல்லை வேறு.

ஆகவே அத்து, அதாவது எல்லை, காட்டும்படி முறையாக மனுப் போட்டு, கட்டணம் கட்டி, சர்வேயரை வரவழையுங்கள். பக்கத்து மனைக்காரர்களுக்கு முன்னாலேயே தகவல் சொல்லி, அளக்கும்போது அவர்களையும் நிற்க வையுங்கள். "அண்ணாச்சி, நாளைக்கு அளக்க வாராங்க, நீங்களும் நின்னு பாத்துக்கிடுங்க" என்று நேரில் போய்ச் சொல்வதில் நமக்குக் குறை ஒன்றும் இல்லை. அவர் இல்லாதபோது அளந்தால் பின்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். அளந்து முடித்ததும் நான்கு மூலையிலும் கல் நட்டு, கல்லோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள்.

தரையில் அளவு பத்திரத்தைவிடக் குறைவாக இருந்தால், இருக்கிற அளவுக்குத்தான் வரைபடம் போட வேண்டும். பத்திரத்தில் 80 இருக்கிறதே என்று 80க்குப் போட்டால் பின்பக்க இடைவெளி காகிதத்தில் மட்டும் இருக்கும்.

பெயர் விஷயம் ஒன்று. ஆதாரில் இனிஷியல் முன்னால், பத்திரத்தில் தகப்பனார் பெயர் விரிவாக, பட்டாவில் எழுத்துப்பிழை என்று இருந்தால் இப்போதே திருத்துங்கள். பட்டாவில் எழுத்துப்பிழைத் திருத்தத்துக்கு மனுப் போடலாம். பத்திரத்தில் சர்வே எண்ணே தப்பாக இருந்தால் பிழைதிருத்தல் பத்திரம் பதிய வேண்டும், அதற்கு விற்றவரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

வில்லங்கச் சான்றையும் இந்தக் கட்டத்திலேயே பாருங்கள். 1975க்குப் பிந்தைய பதிவுகளைப் பெரும்பாலும் பதிவுத்துறை இணையதளத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். விற்றவர் வாங்கிய பழைய அடமானம் ரத்தாகாமல் நிற்கிறதா என்பதுதான் முக்கியம். கடனை அடைத்திருப்பார், ரசீதுப் பத்திரம் பதிந்திருக்க மாட்டார்.

3. மனையைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள்

சில இடங்களுக்கு வேறு துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். மனுப் போட்ட பிறகு இது தெரிந்தால் மனு அப்படியே நின்றுவிடும்.

ரயில் பாதை நில எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் என்றால் ரயில்வேயிடம் கேட்க வேண்டும். எங்கள் மாவட்டம் போல மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம் என்றால் உங்கள் வருவாய்க் கிராமம் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் வேலை அதிகம். குளம், வாய்க்கால், ஓடை ஒட்டிய இடம் என்றால் அது இப்போது தூர்ந்து கிடந்தாலும் புலப்படத்தில் வாய்க்காலாகவே இருக்கும். முப்பது வருடமாக தண்ணீர் வரவில்லை என்ற பேச்சு அங்கே எடுபடாது. தவிரவும், ஒரு மழைக்காலத்தில் அந்தத் தண்ணீர் தன் வழியைத் தேடி வந்தே தீரும். அந்த மாதிரி மனையை வாங்கவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

தலைக்கு மேலேயும் பாருங்கள். 11 கேவி (கிலோவோல்ட்) வரையுள்ள மின்கம்பி பக்கவாட்டில் போனால் கட்டடத்திலிருந்து குறைந்தது 1.2 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். 11க்கு மேல் 33 கேவி வரை 2 மீட்டர். மேலே கடந்து போகும் உயரழுத்தக் கம்பி என்றால் கூரையின் உச்சியிலிருந்து 3.7 மீட்டர். தரைத்தளம் கட்டும்போது சரியாக இருக்கும், மாடி எடுக்கும்போது கம்பி கைக்கு எட்டும் தூரத்தில் வந்துவிடும். கம்பியை மாற்றிப் போடச் சொன்னால் அந்தச் செலவு மனுதாரர் தலையில்தான்.

4. பொறியாளரைத் தேர்ந்தெடுப்பது

வரைபடத்தில் கையெழுத்துப் போட அரசிடம் பதிவு பெற்ற பொறியாளர் அல்லது கட்டடக் கலைஞர் வேண்டும். படம் வரைந்து கொடுக்கும் எல்லோருக்கும் பதிவு இருக்காது. சின்ன ஊர்களில் வரைபவர் ஒருவர், கையெழுத்துப் போடுபவர் பக்கத்து டவுனில் இன்னொருவர் என்பது நடைமுறை. கையெழுத்துப் போடுகிறவர் உங்கள் மனையை ஒருமுறையாவது வந்து பார்க்க வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அவருடைய பதிவு எண்ணையும் அது எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் கேட்டு வாங்குங்கள்.

கூலியைப் பிரித்துப் பேசுங்கள்: வரைபடத்துக்கு எவ்வளவு, கட்டமைப்பு வரைபடத்துக்கு எவ்வளவு, இணையத்தில் மனுப் போட்டு அனுமதி வாங்கித் தர எவ்வளவு, அரசுக் கட்டணம் எவ்வளவு. "எல்லாம் சேர்த்து இவ்வளவு ஆகும் சார், நீங்க அலையவே வேண்டாம்" என்று மொத்தமாகச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அரசுக் கட்டணத்தை நீங்களே இணையத்தில் கட்டுங்கள்.

இன்னொன்று. பிளான் அனுமதிக்கு மனுப் போடும் ஒற்றைச் சாளர இணையதளத்தில் கணக்கு தொடங்கும்போது உங்கள் கைபேசி எண்ணையே கொடுங்கள். பொறியாளர் தன் எண்ணைக் கொடுத்துத் தொடங்கிவிட்டால், அலுவலகம் ஏதாவது கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பியது உங்களுக்குத் தெரியவே தெரியாது. நீங்கள் அலுவலகத்தைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள், மனுவோ உங்கள் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

5. சுயசான்றா, வழக்கமான வழியா

2024 ஜூலையில் சுயசான்றுத் திட்டம் வந்தது. 2500 சதுர அடி வரையுள்ள மனையில், 3500 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு, தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் தளமும் என்றால், இணையத்தில் ஆவணங்களை ஏற்றி, கட்டணம் கட்டி, உடனடியாக அனுமதி பெறலாம். வேலை தொடங்கும் முன் கள ஆய்வு இல்லை. பரிசீலனைக் கட்டணமும் உள்கட்டமைப்பு வசதிக் கட்டணமும் இல்லை. பணி முடிவுச் சான்றும் தேவையில்லை. சின்ன ஊரில் வீடு கட்டுகிற பெரும்பாலோருக்கு இதுதான் வழி.

ஆனால் யாரும் வந்து பார்க்கவில்லை என்பதாலேயே எல்லாப் பொறுப்பும் உங்கள் தலையில். அளவு எல்லாம் சரி, மனை அங்கீகாரம் பெற்றது, நான்தான் உரிமையாளர் என்று உறுதி கொடுத்துக் கையெழுத்துப் போடுகிறீர்கள். பின்னால் அது பொய் என்று தெரிந்தால் அனுமதியே ரத்தாகும். இரண்டாவது படியை அவ்வளவு நீட்டி எழுதியதற்கு இதுதான் காரணம்.

உயரத்தைக் கவனியுங்கள். இந்தத் திட்டம் தொடங்கும்போது வைத்த வரம்பு 7 மீட்டர், அது 23 அடிக்கும் கொஞ்சம் குறைவு. தரைமட்டத்திலிருந்து கணக்கிடுங்கள், பேஸ்மட்டத்திலிருந்து அல்ல. பேஸ்மட்டம் மூன்றடி, ஒவ்வொரு தளமும் பத்தரை அடி என்று கொத்தனார் வழக்கமாகப் போடுகிற கணக்கில் போட்டால் 24 அடி வந்துவிடும். வரையும்போதே இதைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். விதிகளை அவ்வப்போது திருத்துகிறார்கள், ஆகவே மனுப் போடும் நாளில் இணையதளத்தில் என்ன வரம்பு இருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

மனை 2500 சதுர அடியைத் தாண்டினாலோ, வீட்டோடு முன்பக்கம் கடை போட்டாலோ வழக்கமான வழிதான். அதிலும் வீடு என்றால் 10,000 சதுர அடி, எட்டுக் குடியிருப்புகள் வரை உள்ளாட்சி அமைப்பே அனுமதி கொடுக்கும். அதற்கு மேல் டிடிசிபி. பேரூராட்சியில் செயல் அலுவலர், நகராட்சியில் ஆணையர் பெயரில் ஆணை வரும். இந்த வழியில் ஆள் வந்து மனையைப் பார்ப்பார்கள்; வரைபடத்தைப் பரிசீலிப்பார்கள்; கட்டணம் இவ்வளவு என்று டிமாண்ட் வரும், பணத்தைக் கட்டியபின் ஆணை வரும்.

இரண்டு வழிக்கும் விதி ஒன்றுதான்: 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். முன்னால், பின்னால், பக்கவாட்டில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது சாலை அகலம், மனை அகலம், கட்டட உயரம் மூன்றையும் பொறுத்து மாறும். பக்கத்து வீட்டுக்காரர் விட்ட அளவே நமக்கும் போதும் என்று நினைக்காதீர்கள். அவர் மனை வேறு, அவர் கட்டிய காலத்து விதி வேறு. உங்கள் மனைக்கு எவ்வளவு என்று பொறியாளரிடம் எழுதி வாங்குங்கள். மொத்தப் பரப்பு, தளப்பரப்புக் குறியீடு 2 என்ற கணக்கில், மனைப் பரப்பைப் போல இரண்டு மடங்கு வரை போகலாம். சின்ன ஊரில் அந்தப் பிரச்சினை யாருக்கும் வருவதில்லை, இடைவெளியில்தான் எல்லோரும் மாட்டுகிறார்கள்.

6. ஏற்ற வேண்டிய ஆவணங்கள்

கோப்பு ஒன்றில் வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள்:

- கிரையப் பத்திரம், எல்லாப் பக்கமும், பின்பக்க முத்திரைகளோடு, தாய்ப்பத்திரமும்
- பட்டா, புலப்படம் அல்லது டிஎஸ்எல்ஆர்
- வில்லங்கச் சான்று, மனுத் தேதிக்கு அருகில் எடுத்தது
- லேஅவுட் அங்கீகார ஆணை, வரைபடம். அல்லது வரன்முறை ஆணை
- காலிமனை வரி ரசீது
- ஆதார், புகைப்படம்
- மனையின் படங்கள், முன்னால் உள்ள சாலை தெரியும்படி
- வரைபடம்: தள வரைபடம், முகப்பு, குறுக்கு வெட்டு, மனை வரைபடம், மழைநீர் சேகரிப்பு, செப்டிக் டேங்க் இடம்
- தேவைப்பட்டால் தடையின்மைச் சான்று, உறுதிமொழிப் பத்திரம்

காலிமனை வரியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வாங்கிய நாளிலிருந்து கட்டாமல் விட்டிருந்தால் பாக்கியை மொத்தமாகக் கட்டச் சொல்வார்கள். வாங்கிய கையோடு பெயர் மாற்றி அரையாண்டுக்கு ஒருமுறை கட்டிவிட்டால் அது ஒரு பாரமே இல்லை.

ஸ்கேன் தெளிவாக இருக்க வேண்டும். கைபேசியில் நிழல் விழ எடுத்த படத்தை ஏற்றி, "தெளிவில்லை" என்று திரும்பி வந்து, மறுபடி வரிசையில் நிற்பது தேவையே இல்லாத தாமதம்.

7. பணம்

சுயசான்றில் கட்டணம் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. ஊராட்சியில் குறைவு, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்று ஏறிக்கொண்டே போகும். அளவைப் போட்டதும் இணையதளமே கணக்கிட்டுக் காட்டும், அதனால் கடைசிப் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே தொகை தெரிந்துவிடும்.

வழக்கமான வழியில் பல தலைப்புகள்: பரிசீலனைக் கட்டணம், மேம்பாட்டுக் கட்டணம், கட்டட உரிமக் கட்டணம், தொழிலாளர் நல நிதி. கடைசியாகச் சொன்னது கட்டுமான மதிப்பீட்டில் 1 சதவீதம். மதிப்பீடு 20 லட்சம் என்றால் 20,000 ரூபாய்.

இவை போக, பிளான் கட்டணத்தில் சேராதவை இருக்கின்றன, அவற்றையும் எழுதி வையுங்கள்: சர்வே கட்டணம், பொறியாளர் கூலி, குடிநீர் இணைப்பு டெபாசிட், தண்ணீர்க் குழாய்க்காகச் சாலையை வெட்டினால் அதற்கான கட்டணம், மின்சாரத் தற்காலிக இணைப்பு, வங்கி என்றால் வக்கீல் கருத்துக்கும் மதிப்பீட்டாளருக்கும் தனி. எல்லாம் சேர்ந்தால் கதவு ஜன்னல் செலவில் கணிசமான பங்கு வரும்.

ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தால்தான் நகரும் என்று நடுவில் ஆள் வந்து சொல்வார். சுயசான்றில் நகர்வதற்கு ஒன்றுமே இல்லை. காகிதம் சுத்தமாக இருந்தால் உங்களால் நிமிர்ந்து நின்று கேட்க முடியும்.

8. எப்போது தொடங்குவது

ஆடியில் நம் பக்கம் யாரும் வானம், அதாவது கடைக்கால் பள்ளம், தோண்ட மாட்டார்கள். அந்த மாதத்தை அப்படியே நிலக் காகித வேலைக்கு ஒதுக்குங்கள். ஆவணியில் பூமி பூஜை என்று நாள் குறித்துவிட்டு, ஆடிக் கடைசியில் பட்டா மாற்றத்துக்கு ஓடுகிறவர்கள்தான் அனுமதி வருவதற்கு முன்பே கடைக்கால் போட்டு மாட்டிக்கொள்கிறார்கள். தையில் தொடங்குவதாக இருந்தால் புரட்டாசிக்குள் சர்வே முடிந்திருக்க வேண்டும், ஐப்பசி மழையில் சர்வேயர் வர மாட்டார். மார்ச் மாதம் உள்ளாட்சி அலுவலகத்தில் எல்லோரும் வரி வசூலில் இருப்பார்கள், அப்போது சந்தேகம் கேட்கப் போனாலும் பொறுமையாகப் பதில் சொல்ல ஆள் இருக்காது.

என் கணிப்பில், காகிதம் எல்லாம் ஒத்துப்போகிறவருக்கு மனு ஒரு பொருட்டே இல்லை. உட்பிரிவு, பெயர்த் திருத்தம், கல் தேடல் என்று இருப்பவர்கள் பூமி பூஜைக்கு ஆறு மாதம் முன்னாலேயே இறங்கிவிடுவது நல்லது.

9. ஆணை வந்தபின், வேலை நடக்கும்போது

ஆணையை முழுதாகப் படியுங்கள். நிபந்தனைகளும் செல்லுபடிக் காலமும் அதில்தான் இருக்கும். ஆணை, வரைபடம் இரண்டையும் நகலெடுத்து ஒன்றைக் கொத்தனாரிடம் கொடுத்து, ஒன்றைச் சைட்டில் வையுங்கள். பழைய வீடு நின்றால் இடிப்பதற்கு முன் மின் இணைப்பைத் துண்டிக்க எழுதிக் கொடுங்கள். போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போட உள்ளாட்சியின் அனுமதி தனியாக வேண்டும். கட்டுமானத்துக்கான மின் இணைப்பைத் தற்காலிக இணைப்பாக வாங்குங்கள். யூனிட் விலை வீட்டுக் கட்டணத்தைவிட அதிகம்தான், ஆனால் பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்தால் அபராதம் அவருக்கும் சேர்த்து வரும்.

நூல் கட்டும் நாளன்று கட்டாயம் சைட்டில் இருங்கள், பொறியாளரையும் வரச்சொல்லுங்கள். அன்றைக்குத்தான் வரைபடம் தரையில் இறங்குகிறது. டேப்பை எல்லைக் கல்லிலிருந்து பிடியுங்கள், வேலியிலிருந்து அல்ல. "அண்ணே, ரெண்டடி தானே, ஹால் பெருசா வரும், யாரு வந்து அளக்கப் போறா" என்று கொத்தனார் நல்ல மனதோடுதான் சொல்வார். வங்கியின் மதிப்பீட்டாளர் அளப்பார். பேஸ்மட்டம் முடிந்து அடுத்த தவணை கேட்கும்போது அவர் டேப்போடு வந்து, வரைபடத்தில் இருப்பதும் தரையில் இருப்பதும் வேறு என்று எழுதிவிட்டால் பணம் நிற்கும்.

ஆய்வுக்கு வருகிறவர்களின் கண் நேராகப் போகிற இடங்கள் சில உண்டு. வெளிப்புற மாடிப்படிதான் முதலில். வீட்டுக்குள் இடம் மிச்சமாகும் என்று பக்கவாட்டு இடைவெளியில் படியை இறக்கிவிடுவார்கள். படி நின்ற பிறகு அந்தப் பக்கம் ஆள் நுழையக்கூட இடம் இருக்காது. அடுத்தது சாய்வுத் தளம்: காரை ஏற்றுவதற்காகத் தெருச் சாக்கடையை மூடி சிமென்ட் பூசியிருப்பது. கைப்பிடிச் சுவர் சாலை எல்லையைத் தாண்டி வந்திருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். அப்புறம் மழைநீர் சேகரிப்பு. தமிழ்நாட்டில் 2003இலிருந்தே எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். ஒரு குழாயை மண்ணுக்குள் சொருகிவிட்டு ஒப்பேற்றாமல், மொட்டை மாடித் தண்ணீர் எல்லாம் வந்து சேரும் குழியாக, ஜல்லி மணல் போட்டுச் செய்யுங்கள். எங்கள் தெருவில் அப்படிச் செய்த வீடுகளில் கோடையிலும் போரில் தண்ணீர் வருகிறது. செப்டிக் டேங்கைக் கிணறு, போரிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, கழிவை உறிஞ்ச வரும் வண்டியின் குழாய் எட்டும் பக்கமாகப் போடுங்கள்.

வேலை நடுவில் ஒரு அறையைக் கூட்ட வேண்டும், ஜன்னலை இடம் மாற்ற வேண்டும் என்று தோன்றும். சுவர் வெளியே போகாத மாற்றம் என்றால் பெரிதில்லை, பொறியாளரிடம் சொன்னால் போதும். பரப்போ, உயரமோ, இடைவெளியோ மாறுகிறது என்றால் கட்டுவதற்கு முன் திருத்திய வரைபடத்துக்கு அனுமதி வாங்குங்கள்.

வெளியில் தெரியாமல் மூடிப்போகிற வேலை எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள்: கடைக்கால் கம்பி, செப்டிக் டேங்க் உள்புறம், மண்ணுக்குள் போகும் குழாய், டேப் தெரியும்படி இடைவெளி. கேள்வி வந்தால் காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.

10. வீடு முடிந்த பிறகு

சுயசான்றில் கட்டிய வீட்டுக்குப் பணி முடிவுச் சான்று வேண்டாம். வழக்கமான வழியிலும் 14 மீட்டர் உயரத்துக்குள், 8 குடியிருப்புகளுக்குள், 750 சதுர மீட்டருக்குள் உள்ள வீட்டுக் கட்டடங்களுக்கு 2024இலிருந்து விலக்கு இருக்கிறது. மின் வாரியத்தில் அந்தச் சான்றைக் கேட்டால் இந்த விலக்கைச் சொல்லி, அனுமதி ஆணையின் நகலைக் கொடுங்கள்.

தற்காலிக மின் இணைப்பை வீட்டுக் கட்டணத்துக்கு மாற்ற உடனே எழுதிக் கொடுங்கள். குடிவந்த பரபரப்பில் இதை மறந்து, மாதக்கணக்கில் கட்டுமானக் கட்டணத்திலேயே கட்டிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். அடுத்து உள்ளாட்சி அலுவலகத்தில் காலிமனை வரியை நிறுத்தி, வீட்டுக்குச் சொத்து வரி விதிக்க மனுக் கொடுங்கள். அவர்கள் பரப்பளவு எழுதும்போது நீங்களும் உடனிருந்து, அனுமதி வரைபடத்தில் உள்ள பரப்பையே எழுதுகிறார்களா என்று பாருங்கள்.

பின்னால் மாடி எடுக்கும் எண்ணம் இருந்தால், அதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டும், இப்போது வாங்கிய தரைத்தள அனுமதி அதற்குப் போதாது. இரண்டு தளத்துக்கும் இப்போதே சேர்த்து வாங்கலாம். ஆணையில் குறித்த காலத்துக்குள் கட்ட முடியும் என்றால் அதுவே லாபம். முடியாது என்றால் தரைத்தளத்துக்கு மட்டும் வாங்குங்கள், ஆனால் கடைக்காலையும் தூண்களையும் மாடிக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுத் தரச்சொல்லி, அந்தக் கட்டமைப்பு வரைபடத்தைப் பொறியாளரின் கையெழுத்தோடு பத்திரக் கோப்பிலேயே வைத்துவிடுங்கள். பத்து வருடம் கழித்து மாடிக்கு மனுப் போடும்போது அடித்தளம் தாங்குமா என்று கேட்பார்கள், அப்போது தேட வேண்டியிருக்காது.